வியாழக்கிழமை குவிஸுக்கு ஐந்து பேர்

இங்கிலாந்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஆபீஸில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஐந்து மணி அடித்தால் ஒருத்தரையும் காணோம். இவர்களோடு எப்படிப் பழகுவது?" வீட்டுக்குப் பக்கத்தில் எந்த பப்பில் (மதுக்கூடத்தில்) வாராவாரம் குவிஸ் (வினாடி வினா) நடக்கிறது என்று விசாரியுங்கள், போய் உட்காருங்கள் என்பேன். மது தொட வேண்டியதில்லை, நான் தொட்டதில்லை. 'லைம் அண்ட் சோடா' ஒரு கிளாஸ் வாங்கினால் பாதி இரவு ஓடிவிடும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

நான் இருப்பது டார்பியில். எங்கள் பப்பில் வியாழக்கிழமை இரவு எட்டரைக்குக் குவிஸ். 1970களில் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. வாரநாளில் காலியாகக் கிடக்கும் மேசைகளை நிரப்ப பப்காரர்களுக்கு ஒரு வழி, ஊர்க்காரர்களுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு சாக்கு. தலைக்கு ஒரு பவுண்டோ இரண்டு பவுண்டோ கட்ட வேண்டும். அணிக்கு ஆறு பேர் வரை சேரலாம். ஒரு விடைத்தாள், பிரபலங்களின் முகங்கள் அச்சடித்த படச்சுற்றுத் தாள் ஒன்று, கட்டைப் பென்சில் ஒன்று தருவார்கள். குவிஸ் மாஸ்டர் மைக்கைப் பிடித்துக் கேள்வியை இரண்டு தடவை வாசிப்பார். சுற்று முடிந்ததும் பக்கத்து மேசையோடு தாளை மாற்றிக்கொண்டு, அவர்களுடையதை நாம் திருத்த வேண்டும். எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். முன்பின் தெரியாத ஐந்து பேர் நம் தாளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், "இது எப்படித் தெரிந்தது?" என்று எட்டிப் பார்த்துக் கேட்கிறார்கள், பேச்சு தானாகவே தொடங்கிவிடுகிறது.

பப்பில் உட்கார்ந்து தகவலுக்காகச் சண்டை போடுவது இந்த ஊரில் பழைய விஷயம். கின்னஸ் சாதனைப் புத்தகமே அப்படி வந்ததுதான். 1951இல் கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தின் வெக்ஸ்போர்டில் வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று வாக்குவாதம் வந்திருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. இதே மாதிரி வாக்குவாதம் ஒவ்வொரு பப்பிலும் தினமும் நடக்குமே, தீர்த்துவைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1955இல் முதல் பதிப்பு வெளிவந்தது.

சரி, எப்படிச் சேர்வது? தனியாகவே போகலாம். பாரில் நிற்பவரிடம் "எந்த அணிக்காவது ஆள் தேவையா?" என்று கேட்டால் போதும். இரண்டு பேர், மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மேசை எப்போதும் இருக்கும், சந்தோஷமாக இடம் கொடுப்பார்கள். மேசையில் உட்கார்ந்துகொண்டு சர்வர் வருவார் என்று காத்திருக்கக் கூடாது, நாமே பாருக்குப் போய் வாங்க வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்து வந்தார் என்று நிற்கிற எல்லாருக்கும் மனக்கணக்கு உண்டு. "அடுத்து யார்?" என்று கேட்கும்போது நமக்கு முன்னால் வந்தவரைக் கைகாட்டினால், அந்த ஒரு செய்கைக்கே மரியாதை கூடிவிடும். அப்புறம் 'ரவுண்டு'. ஒருவர் மேசைக்கே வாங்கினால் அடுத்த முறை இன்னொருவர் வாங்க வேண்டும். நமக்கு சோடா மட்டும்தான் என்றாலும் நம் முறை வந்தால் எழுந்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் கணக்குப் பார்க்கவே கூடாது.

எங்கள் அணியில் ஐந்து பேர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், ஆங்கில ஆசிரியை, மருத்துவமனையில் வேலை செய்யும் இளம்பெண், நான். வயது இருபத்தைந்திலிருந்து எழுபது வரை. இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் நல்ல அணிக்கு இதுதான் லட்சணம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஒரே ஆபீஸிலிருந்து ஒரே வயதில் ஐந்து பேர் வந்தால், ஐந்து பேருக்கும் தெரிந்தது ஒன்றாகவே இருக்கும், தெரியாததும் ஒன்றாகவே இருக்கும்.

புதிதாகச் சேர்கிறவர் பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எழுதுகிறவரிடம்தான் எல்லாரும் குனிந்து காதில் சொல்வார்கள். யாருக்கு எது தெரியும், யார் நிச்சயமாகச் சொல்கிறார், யார் குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். நான் தாளின் ஓரத்தில் எல்லா யோசனைகளையும் பொடியாகக் குறித்துவைப்பேன். கடைசி நிமிடத்தில் "இல்லை, முதலில் சொன்னதுதான்" என்று யாராவது சொல்வார்கள், முதலில் என்ன சொன்னோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரு வியாழக்கிழமை டிவி சுற்றில் இப்படி ஒரு கேள்வி: 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தொடரில் டெல் பாய் வைத்திருக்கும் மஞ்சள் நிற மூன்று சக்கர வண்டி என்ன மாடல்? அரங்கம் முழுக்கப் பென்சில்கள் உடனே ஓடின. ரிலையன்ட் ராபின் என்று இந்த நாட்டில் சின்னக் குழந்தையும் சொல்லும். தபால்காரர் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரீகல். ரிலையன்ட் ரீகல் சூப்பர்வேன். எங்க மாமா வச்சிருந்தார். ராபின் அதுக்கப்புறம் வந்த வண்டி."

"குவிஸ் மாஸ்டர் தாளில் ராபின்னுதான் இருக்கும்," என்றார் ஆசிரியை.

"அப்போ ராபின்னே எழுது, டக்," என்றார் சமையல்கார அம்மா. டார்பி பக்கம் பெரியவர், சின்னவர், பஸ் டிரைவர் எல்லாரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எது சரியான விடை என்பது ஒரு கேள்வி, குவிஸ் மாஸ்டரின் தாளில் என்ன இருக்கும் என்பது வேறொரு கேள்வி. அனுபவமுள்ள அணிகள் இரண்டாவது கேள்விக்குத்தான் விடை எழுதும். நான் ரீகல் என்றே எழுதினேன். தெரிந்ததை மறைத்து மதிப்பெண்ணுக்காக எழுதினால் அப்புறம் இந்த விளையாட்டில் என்ன இருக்கிறது? பக்கத்து மேசை சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டது. தபால்காரர் எழுந்து போய் மைக்கின் அருகே நின்று பொறுமையாக விளக்கினார். "என் தாளில் இருப்பதுதான் விடை" என்று பதில் வந்தது. அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். குவிஸ் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான், அந்த விதி இல்லாவிட்டால் எந்தக் குவிஸும் பத்து மணிக்கு முடியாது. அடுத்த வாரம் முதல் கேள்விக்கு முன்னால், "போன வாரம் அந்த வண்டி ரீகல்தான், வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்" என்று மைக்கில் அறிவித்தார். மதிப்பெண் திரும்ப வரவில்லை. தபால்காரருக்கு அன்று அதைவிடப் பெரிய பரிசு தேவையாகவும் இல்லை.

டிவித் தொடர்கள் நம்மைப் போன்றவர்களுக்கு உயரமான மதில். அறுபது வருஷத்துக் கதையை எங்கே போய்ப் பார்ப்பது? பார்க்க வேண்டாம். எலும்புக்கூடு தெரிந்தால் போதும். 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரில் தொடங்கியது, முதல் நாளிலிருந்தே கென் பார்லோவாக நடிப்பவர் வில்லியம் ரோச். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985. 'ஆர்ச்சர்ஸ்' ரேடியோ நாடகம் 1951 முதல் நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது, போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கதையோடு கதையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தொடரின் நடுவிலும் ஒரு பப் இருக்கிறது: கொரொனேஷன் ஸ்ட்ரீட்டில் ரோவர்ஸ் ரிட்டர்ன், ஈஸ்ட்எண்டர்ஸில் குவீன் விக், எம்மர்டேலில் வுல்பேக், ஆர்ச்சர்ஸில் தி புல். இந்த நாலு பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நிச்சயம் கேட்பார்கள். 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 அத்தியாயம்தான், 1975இல் ஆறு, 1979இல் ஆறு. டார்பியில் எந்த மேசையிலும் அதன் வசனம் இல்லாமல் ஓர் இரவு போனதில்லை, அதனால் இதை மட்டும் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பன்னிரண்டு அரைமணி நேரத்தில் பாதி பிரிட்டிஷ் நகைச்சுவை புரிந்துவிடும்: சங்கடத்தை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் ஒரு மனிதர் சின்னப் பொய்யைப் பெரிய பொய்யாக ஊதிக்கொண்டே போவார், பார்க்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும்.

சினிமாச் சுற்றில் கதை வேறு. இங்கே நம் ஆட்களுக்கு இடம் உண்டு. ஜேம்ஸ் பாண்டாக ஒரே ஒரு படத்தில் நடித்தவர் ஜார்ஜ் லேசன்பி, 1969 என்பதெல்லாம் எல்லா அணிக்கும் தெரியும். 1983இல் உதய்ப்பூரில் எடுத்த பாண்ட் படத்தில் உளவாளியாக வந்த டென்னிஸ் வீரர் யார் என்று கேட்டபோது, பக்கத்து மேசைகள் விம்பிள்டன் சாம்பியன்களின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்தன. நான் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் என்று எழுதி முடித்திருந்தேன். அதே மாதிரி, பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில். இதெல்லாம் கையிலிருக்கும் சொத்து. கிரிக்கெட், தலைநகரங்கள், நாணயங்கள், மசாலா வகை, புராணம், செஸ் என்று நம்மிடம் இருப்பதைக் கூச்சப்படாமல் உரக்கச் சொல்ல வேண்டும். கூடவே இந்தியா பற்றிய கேள்வியென்றால் எல்லாமே நமக்குத் தெரியும் என்று மேசை நம்மைத் திரும்பிப் பார்க்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவதுதான் நல்லது, அப்போதுதான் தெரியும் என்று சொல்லும்போது நம்புவார்கள். பிரிட்டிஷ் படங்களில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்: கைபர் கணவாயில் நடப்பதாகச் சொல்லும் 1968ஆம் வருஷத்து 'கேரி ஆன்' நகைச்சுவைப் படத்தின் மலைக்காட்சிகள் எடுத்தது வேல்ஸின் ஸ்னோடோனியாவில். அதைத் தபால்காரர் சொன்ன வேகத்தில் எங்கள் மேசை முழுக்க வேல்ஸுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று முடிவெடுத்தது, போயும் வந்தோம்.

புத்தகச் சுற்றுக்கு நான் சொல்லும் வழி பிள்ளைகளின் புத்தகங்கள். நூலக அட்டை இலவசம், முதல் வாரமே எடுத்துவிடுங்கள். இங்கே வளர்ந்தவர்கள் எல்லாரும் படுக்கையில் கேட்டு வளர்ந்த கதைகளை நாம் நம் பிள்ளைக்கு வாசித்துக்காட்டும்போது நமக்கும் அவை சேர்ந்துவிடும். பெரு நாட்டிலிருந்து வந்து ரயில் நிலையத்தில் நிற்கும் கரடி பாடிங்டனும் அதன் ஆரஞ்சு மார்மலேடும் 1958இல் வந்தவை என்று என் மகளால்தான் எனக்குத் தெரியும். பென்குயின் நிறுவனம் 1935இல் ஆறு பென்ஸுக்கு விற்கத் தொடங்கிய பேப்பர்பேக்குகளில் ஆரஞ்சு அட்டை நாவல், பச்சை துப்பறியும் கதை, நீலம் வாழ்க்கை வரலாறு. சாரிட்டி கடையின் பழைய புத்தக அலமாரி முன் பத்து நிமிடம் நின்றால் இது கண்ணில் பதிந்துவிடும்.

பாட்டுச் சுற்று கடினம். பத்து வினாடி பாட்டை ஒலிக்கவிடுவார்கள், பாடகர் பெயரும் பாட்டும் வேண்டும். சின்ன வயதில் கேட்டிருந்தால் ஒழிய வராது. இதற்குக் கென் புரூஸ் ரேடியோவில் காலை பத்தரைக்கு நடத்தும் 'பாப்மாஸ்டர்' பாட்டுக் குவிஸ் நல்ல பயிற்சி, சமைத்துக்கொண்டே கேட்கலாம். புதிய பாட்டையெல்லாம் எங்கள் இளம்பெண் பார்த்துக்கொள்வார். அவரிடம் நான் கற்றது இது: பழைய தகவல்களுக்கும் காலாவதி உண்டு. 1984இல் வந்த 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வரவேயில்லை என்பது பல வருஷம் குவிஸ்காரர்களின் செல்லக் கேள்வி. 2021 ஜனவரியில் அது முதலிடம் பிடித்துவிட்டது, 2023இல் கிறிஸ்மஸ் வார முதலிடமும் அதற்கே. மூத்தவர்கள் மூன்று பேர் பழைய விடையைச் சொன்னபோது அவர் ஒருத்தி நின்று மறுத்தார், அந்தச் சுற்றை அவரால்தான் ஜெயித்தோம்.

இனி சாப்பாடு. சமையல்கார அம்மாவின் ராஜ்ஜியம். சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் என்பது கேக்கா பிஸ்கட்டா என்று 1991இல் வரித் தீர்ப்பாயமே உட்கார்ந்து விசாரித்தது. கேக்குக்கு வாட் வரி கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு, அதனால் பெரிய பணம் சம்பந்தப்பட்ட வழக்கு. கேக் என்று தீர்ப்பானது. அன்று இந்தக் கேள்விக்கு விடை எழுதி முடித்த பிறகும் அம்மா விடவில்லை. "ராத்திரி தட்டில் ரெண்டையும் திறந்து வைங்க. காலையில பிஸ்கட் நமத்துப்போயிருக்கும், கேக் கெட்டியாயிருக்கும். இது கெட்டியாகும். வழக்கே வேண்டியதில்லை," என்றார். தீர்ப்பாயம் கவனித்த காரணங்களில் இதுவும் ஒன்று. வீட்டில் வைத்துப் பார்த்தேன், சொன்னபடியே ஆனது. பேக்வெல் எங்கள் மாவட்டத்து ஊர் என்பதால் பேக்வெல் புட்டிங்குக்கும் பேக்வெல் டார்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அவர் சமரசமே செய்யமாட்டார்: புட்டிங்கின் அடி இதழிதழான பஃப் பேஸ்ட்ரி, டார்ட்டின் அடி பொடபொடவென்று உதிரும் மாவு. ஸ்டில்டன் சீஸை டார்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்கம்ஷர் மூன்றில் மட்டும்தான் அந்தப் பெயரில் செய்யலாம், ஸ்டில்டன் என்ற கிராமம் இருப்பது கேம்பிரிட்ஜ்ஷரில் என்பதால் அங்கே செய்தால் அந்தப் பெயர் வைக்க முடியாது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் பெருமையைக் கேட்க வேண்டும்.

நம் வயிற்றுக்கு: குவிஸ் தொடங்குவதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், சமையலறை ஒன்பது மணி வாக்கில் மூடிவிடும். சைவம் என்றால் சிப்ஸை (இங்கே அது நம்மூர் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்) எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள், மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் வடக்கே இன்னும் உண்டு. மீன் பொரிக்கும் அதே எண்ணெயா என்றும் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு, சீஸ் டோஸ்டின் மேல் கூட அதைத் தெளித்துவிடுவார்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களின் விவரத்தை உணவகங்கள் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியலில் மீன் கட்டத்தைப் பார்த்தால் இந்த சாஸ் பிடிபட்டுவிடும். மாட்டுக்கொழுப்பு அந்த 14இல் இல்லை, அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

க்ரிஸ்ப்ஸ் (நம்மூர் உருளைக்கிழங்கு சிப்ஸ்) வாங்கினால் தனியாகத் தின்னக் கூடாது. தபால்காரர் பாக்கெட்டை வாய்ப்பக்கம் திறந்து, பின்னால் ஒட்டியிருக்கும் தையலையும் இரண்டு கட்டைவிரலால் கீழ்வரை பிரித்து, வெள்ளித் தாளை மேசை நடுவில் விரித்துவிடுவார். அது தட்டாகிவிடும். ஐந்து கைகளும் அதில்தான். வாக்கர்ஸில் சீஸ் அண்ட் ஆனியன் நீல பாக்கெட், சால்ட் அண்ட் வினிகர் பச்சை. மற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் நேர்மாறு. இந்த நாட்டில் அரசியலைவிடச் சூடாக விவாதிக்கும் விஷயம் இது, கேள்வியாகவும் வரும்.

செல்போனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் கேள்வி கேட்டதும் பையில் போட்டுவிட வேண்டும், மணி பார்க்கக்கூட எடுக்கக் கூடாது. ஓர் அணியில் ஒருவர் ஒவ்வொரு சுற்றின் நடுவிலும் கழிவறைக்குப் போய்வந்தார், வந்ததும் விடை மாறியது. யாரும் சத்தம் போடவில்லை. அவர்களோடு தாள் மாற்றிக்கொள்ள மட்டும் எந்த மேசையும் முன்வரவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் தெரியாமல் தவிப்பதுதான் இங்கே இன்பமே. நாக்கு நுனியில் நிற்கும் பெயரை ஐந்து பேர் சேர்ந்து இழுத்து வெளியே கொண்டுவரும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மழையில் நனைந்து வருகிறோம்.

கடைசியில் சமநிலை வந்தால் எண் கேள்வி கேட்பார்கள், நெருங்கிய எண் சொல்லும் அணிக்குப் பரிசு. இதற்கு எங்கள் ஆசிரியை ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். 1906இல் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். செல்லுபடியான 787 சீட்டுகளையும் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் வாங்கி எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். நட்டநடுவில் நின்ற எண் 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198. ஆகவே ஐந்து பேரும் கலந்து பேசாமல் தனித்தனியாக எழுத வேண்டும், வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்க வேண்டும். முதலில் பேசிவிட்டால் உரத்த குரல்காரர் பக்கம் எல்லா எண்ணும் சாய்ந்துவிடும். லண்டன் மான்யுமென்ட் கோபுரத்தில் எத்தனை படி என்று ஒரு நாள் கேட்டார்கள். எங்கள் சீட்டுகள்: 180, 260, 320, 400, 520. நான் எழுதியது 520, மனசுக்குள் அதுதான் சரி என்று அடித்துச் சொன்னது. 320 என்று கொடுத்தோம். சரியான எண் 311. எதிர் அணி 199 சொல்லியிருந்தது. அந்த மேசையிலிருந்து ஒருவர் கிளாஸோடு எழுந்து வந்து எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தோம். இப்போது அவர்களும் அப்படித்தான் சீட்டு எழுதுகிறார்கள்.